எம்.பி.டி. சேரும் முன் எதைப் படிப்பது?

கேள்வி இதுதான். தண்டையார்ப்பேட்டையில் இருக்கும் ஒரு பெண் ஃபிசியோதெரபி இளநிலைப் படிப்பான பி.பி.டி.யின் நான்கு ஆண்டுப் பாடங்களை முடித்துவிட்டு இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள். அடுத்து அதிலேயே முதுகலையான எம்.பி.டி. படிக்க ஆசை. இங்கேயா, வெளிநாட்டிலா என்று முடிவாகவில்லை. "அதற்குள் பாடத்தில் எப்படித் தயாராவது அக்கா? புத்தகத்தைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை" என்கிறாள். கூடவே ஒரு துணைக் கேள்வி: பி.எஸ்சி. உளவியல் முடித்த அவளுடைய தோழி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபியில் மேற்படிப்பு படிக்க முடியுமா?

அக்கா என்று அழைத்துவிட்டாய், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி. இருபது ஆண்டுகளாக ஃபிசியோதெரபிதான் சோறு போடுகிறது.

தோழிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் பணத்தையும் ஆண்டுகளையும் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் ஆக்குபேஷனல் தெரபி முதுகலையான எம்.ஓ.டி. சேர அதன் இளநிலையான பி.ஓ.டி. படித்திருக்க வேண்டும், எம்.பி.டி. சேர பி.பி.டி. படித்திருக்க வேண்டும். இரண்டுமே பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்கள் நேராகப் போய்ச் சேரும் தொழிற்படிப்புகள். உளவியல் பட்டம் அந்தக் கதவைத் திறக்காது. ‘எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம், ஆறே மாதத்தில் தெரபிஸ்ட்’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் அதில் பஜ்ஜி மடித்துச் சாப்பிடலாம்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே இந்த இரண்டு தொழில்களும் ஒரு பட்டப்படிப்பை முடித்த பிறகுதான் தொடங்குகின்றன. ஃபிசியோவுக்கு டி.பி.டி. என்ற மூன்று ஆண்டு முனைவர் நிலைத் தொழிற்படிப்பு. ஆக்குபேஷனல் தெரபிக்கு முதுகலை, முனைவர் நிலை என இரண்டு வாசல்கள். முதல் பட்டம் எதில் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் முன்தகுதிப் பாடங்கள் சிலவற்றை நல்ல மதிப்பெண்ணோடு முடித்திருக்க வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிக்குப் பெரும்பாலும் உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், வளர்ச்சி உளவியல், பிறழ்நிலை உளவியல், சமூகவியல் அல்லது மானுடவியல் கேட்பார்கள். ஃபிசியோ என்றால் இயற்பியலும் வேதியியலும் இரண்டிரண்டு பருவம் சேரும். உன் தோழி பி.எஸ்சி.யில் உளவியலும் புள்ளியியலும் படித்திருப்பாள். அவளிடம் இல்லாதது ஆய்வுக்கூடத்தோடு படித்த உடற்கூறியலும் உடலியங்கியலும். அதோடு, ஒரு தெரபிஸ்டின் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்த மணிக்கணக்கு; பல கல்லூரிகள் அதையும் கையெழுத்தோடு கேட்கும். நம் மூன்றாண்டுப் பட்டத்தை நான்காண்டுப் பட்டத்துக்கு நிகராக எல்லா இடத்திலும் ஏற்பதில்லை என்பதையும் அவள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும். பிரிட்டனிலும் வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்று இரண்டாண்டு முதுகலைப் படிப்பு உண்டு. முடித்தால் அங்குள்ள ஹெச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்துகொண்டு வேலை பார்க்கலாம். ஆக, அவளுக்கு வழி இருக்கிறது, சென்னையில் இல்லை. இங்கேயே இருக்க வேண்டுமென்றால் பி.ஓ.டி. முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இனி உன் கதை.

நீ கேட்டது எங்கே தொடங்குவது என்று. முதலாண்டுப் பாடத்தில் தொடங்கு. நான்காம் ஆண்டு நரம்பியலோ விளையாட்டுக் காயமோ உன்னைக் கவிழ்க்காது. அவை இப்போதுதான் படித்தவை, நாக்கு நுனியில் நிற்கின்றன. கவிழ்ப்பது முதலிரண்டு ஆண்டுகளில் தேர்வுக்காக விழுங்கி, அடுத்த மாதமே மறந்துபோன உடற்கூறியலும், உடல் அசைவின் விசைக் கணக்கான பயோமெக்கானிக்ஸும்தான். என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

எம்.பி.டி. சேர்க்கைக்கான நேர்முகத்துக்குப் போயிருந்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இடது இடுப்பு மூட்டில் வலி. கைத்தடியை எந்தக் கையில் கொடுப்பாய்?" வலது கையில் என்றேன் பெருமையாக. "ஏன்?" என்றார். "எதிர்ப்பக்கம்தான் கொடுக்க வேண்டும் சார்." "அதுதான் ஏன் என்கிறேன்." எனக்கு வாய் அடைத்துவிட்டது. நான்கு ஆண்டுகள் எத்தனையோ பேருக்கு வலது கையில் தடியைத் திணித்திருக்கிறேன், காரணம் தெரியாமலே. அந்த ஆண்டு எனக்கு இடம் கிடைக்கவில்லை.

காரணம் ஒரு பள்ளிக்கூட நெம்புகோல் கணக்கு. நீயும் ஒரு தாளில் போட்டுப் பார். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இடது காலில் மட்டும் நிற்கிறார் என்று வைத்துக்கொள். ஒரு காலின் எடை உடல் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு. ஊன்றிய காலைக் கழித்தால் மீதி 50 கிலோ அந்த இடுப்பு மூட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த 50 கிலோவின் ஈர்ப்புக்கோடு மூட்டிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உள்ளே விழுகிறது. இடுப்பு வலப்பக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது மூட்டுக்கு வெளிப்புறம் இருக்கும் அப்டக்டர் தசைகள். அவற்றுக்குக் கிடைக்கும் நெம்புகை, அதாவது மூட்டிலிருந்து அவை இழுக்கும் கோடு வரை உள்ள தூரம், வெறும் 5 சென்டிமீட்டர். ஐம்பதைப் பத்தால் பெருக்கினால் 500. அதை ஐந்தால் வகுத்தால் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டின் தலையில் விழுவது 50-உம் 100-உம் சேர்ந்து 150 கிலோ. ஒற்றைக் காலில் நிற்பதற்கே உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு!

இப்போது வலது கையில் தடியைக் கொடு. அது ஊன்றும் இடம் மூட்டிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் வெறும் 5 கிலோ அழுத்தினால் போதும். ஐந்தை ஐம்பதால் பெருக்கினால் 250. ஐந்நூறில் பாதியைத் தடியே பார்த்துக்கொண்டது. தசை இழுக்க வேண்டியது 50 கிலோவாக இறங்குகிறது. மூட்டில் விழும் சுமை 150-இலிருந்து 95-க்கு வந்துவிடுகிறது. வலிக்கும் பக்கத்துக் கையிலேயே தடியைப் பிடித்தால் இந்த நீண்ட நெம்புகை கிடைக்காது. தோராயமான கணக்குதான், ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஆனால் இதை ஒருமுறை உன் கையால் போட்டுப் பார்த்தவளுக்கு உடல் எடையைக் குறைப்பது ஏன் மூட்டுக்கு நல்லது, இந்த அப்டக்டர் தசைகள் பலவீனமானவர்கள் நடக்கும் டிரெண்டலன்பர்க் நடையில் ஆள் ஏன் வலிக்கும் பக்கமே சாய்கிறார் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே புரியும்.

ஒவ்வொரு மூட்டுக்கும் இப்படி ஒரு ‘ஏன்’ இருக்கிறது. வாரத்துக்கு ஒரு மூட்டு என்று வைத்துக்கொள். எலும்பு, தசை தொடங்கும் இடம், சேரும் இடம், நரம்பு, எந்தத் தளத்தில் அசைவு, எங்கே நெம்புகை, எது கெட்டால் என்ன நடை. அந்த வாரம் முழுவதும் வேறு புத்தகம் வேண்டாம். கேள்வி-பதில் கைடுகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போடு. தேர்வுக்கு முந்தைய இரவு அவை உதவியிருக்கலாம், இனி உதவாது.

உடற்கூறியல் பெயர்கள் நாவில் நிற்கவில்லை என்பாய். எனக்கும் நிற்கவில்லை, நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன்: பெயரின் பொருளைத் தேடுவது. என் அப்பா எம்.சி. ரோட்டில் தையல்காரர். தொடையின் குறுக்கே ஓடும் சார்டோரியஸ் தசைக்கு லத்தீனில் தையல்காரர் தசை என்று பொருள் என்று தெரிந்த அன்று, அப்பா சம்மணமிட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தொடையைப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இடுப்பை மடக்கி, வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலையும் மடக்கும் அந்த உட்காரும் முறையேதான் அந்தத் தசையின் வேலை. அதற்குப் பிறகு அது மறக்கவே இல்லை.

நீ காசிமேட்டுக்குப் பக்கம் என்பதால் உனக்கு இன்னொன்று. நம் முன்னோர் பின்னங்காலுக்குக் கெண்டைக்கால் என்று ஒரு மீனின் பெயரை வைத்தார்கள். அங்கேயே உள்ளடங்கி இருக்கும் சோலியஸ் தசையின் பெயர் செருப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; அதே சொல்லைத்தான் தட்டையான ஒரு மீனுக்கும் வைத்தார்கள், நம் நாக்கு மீனின் உறவு. அதற்கு மேலே புடைத்திருக்கும் கேஸ்ட்ரோக்னீமியஸுக்குக் கிரேக்கத்தில் ‘காலின் வயிறு’ என்று பொருள். வயிறு முழங்காலையும் கணுக்காலையும் இரண்டையும் தாண்டிப் போகிறது. நாக்கு மீன் முழங்காலைத் தாண்டுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து ஒரு பரிசோதனையே கிடைக்கிறது. முழங்காலை நீட்டி வைத்தால் பாதம் மேலே வரவில்லை, மடக்கினால் வருகிறது என்றால் இறுகியிருப்பது வயிறு. மடக்கினாலும் வரவில்லை என்றால் சோலியஸையோ மூட்டையோ சந்தேகப்படு. குந்தி உட்கார்ந்து மீன் விற்கும் ஒரு பாட்டி "குதிகால் தரையில் படவில்லை" என்று வந்தால் நீ எங்கே கை வைக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறதா?

உடலியங்கியலுக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம். தசைச் சுருக்கம், நரம்புத் தூண்டல், இதயமும் மூச்சும் உடற்பயிற்சிக்கு எப்படி ஈடுகொடுக்கின்றன, வலி எப்படிப் பயணிக்கிறது. இந்த நான்கையும் நன்றாகப் படி. மீதியை மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

அடுத்தது யாருக்கும் பிடிக்காத புள்ளியியல். எம்.பி.டி. இரண்டாண்டில் ஓர் ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். பிள்ளைகள் கடைசி மாதத்தில் எண்களை எங்கோ கொடுத்து, ‘பி மதிப்பு’ வாங்கி வந்து ஒட்டுகிறார்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. வாய்மொழித் தேர்வான வைவாவில் அது என்ன என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார்கள். நீ சேருவதற்கு முன்பே சராசரி, திட்டவிலக்கம், நம்பக இடைவெளி, இணைசேர்ந்த டி-சோதனைக்கும் சேராத டி-சோதனைக்கும் என்ன வேறுபாடு என்ற அளவுக்காவது கற்றுக்கொள். முக்கியமாக ஒன்று. ஓர் ஆய்வில் புதிய சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி மற்றவர்களைவிட 0.8 புள்ளி அதிகம் குறைந்தது, பி மதிப்பு 0.05-க்குக் கீழ் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள். புள்ளியியல்படி அது வெற்றி. ஆனால் பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகும் வலி அளவுகோலில் சுமார் 2 புள்ளி குறைந்தால்தான் நாள்பட்ட வலியோடு வாழ்பவருக்கு ‘தேவலாம்’ என்று தோன்றும் என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அப்படியானால் அந்த 0.8 யாருடைய வெற்றி? இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவளை எந்தக் கல்லூரியும் விடாது.

வாரம் ஓர் ஆய்வுக்கட்டுரை படி. எங்கே கிடைக்கும் என்றால், சிட்னியிலிருந்து 1999 முதல் இயங்கும் பெட்ரோ என்ற தரவுத்தளம் இலவசம். ஃபிசியோதெரபி ஆய்வுகள் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு சோதனையும் எவ்வளவு ஒழுங்காக நடத்தப்பட்டது என்று பத்துக்கு மதிப்பெண்ணும் போட்டிருக்கும். அந்தத் தளத்தைத் தமிழிலும் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டுரையின் முடிவுரையை முதலில் படிக்காதே. முறையியலைப் படித்துவிட்டு, என்ன வந்திருக்கும் என்று நீயே ஊகி. பிறகு முடிவைப் பார்.

இப்போது உன் இன்டர்ன்ஷிப். அதில் கிடைக்கும் படிப்பு வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அதை நாம் எப்படி வீணாக்குகிறோம் என்பதற்கு நான் அன்றாடம் பார்க்கும் ஒரு கேஸ் ஷீட்டைக் காட்டுகிறேன். காசிமேட்டில் ஐஸ் உடைத்துப் பெட்டியில் கொட்டும் ஐம்பது வயதுக்காரர் வந்தார். பயிற்சி மாணவர் எழுதியிருந்தது: ‘வலது தோள் வலி. ஐ.எஃப்.டி. பத்து நிமிடம், உடற்பயிற்சி.’ அவ்வளவுதான். ஐ.எஃப்.டி. என்பது மின்னோட்டம் செலுத்தும் வலிச் சிகிச்சை. நோயாளியும் "கரண்ட் வைத்துவிடுங்கள், போகிறேன்" என்றுதான் வந்திருந்தார், இருவருக்கும் பொருத்தம்.

அவரை உட்காரவைத்து, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை எடுத்தோம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளியே திருப்பச் சொன்னால் 20 பாகைக்கு மேல் வரவில்லை. பக்கவாட்டில் தூக்குவது அதற்கு அடுத்தபடியாகக் குறைந்திருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோவது ஓரளவு பரவாயில்லை. நாம் பிடித்துத் திருப்பினாலும் அதே இடத்தில்தான் நின்றது. வெளித்திருப்பம் அதிகமும், தூக்கல் அதற்குக் கொஞ்சம் குறைவாகவும், உள்திருப்பம் எல்லாவற்றையும்விடக் குறைவாகவும் பாதிக்கப்பட்டால் அது மூட்டுறை இறுகியதன் அடையாளம். "சர்க்கரை உண்டா?" என்று கேட்டேன். எட்டு வருடமாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படி மூட்டுறை இறுகும் ‘உறைந்த தோள்’ அதிகம் வருகிறது என்று நீ படித்திருப்பாய். மாணவரும் படித்திருந்தார், கேட்கத்தான் தோன்றவில்லை. அளந்து எழுதினால்தான் மூன்று வாரம் கழித்து 20 பாகை 35 ஆனதா என்று சொல்ல முடியும். அதையும் ஒரே ஆள் ஒரே முறையில் அளக்க வேண்டும். 5 பாகை வித்தியாசம் உன் கையின் பிழையாகவே இருக்கலாம்.

எனவே நோட்டு ஒன்று போடு. வாரத்துக்கு இரண்டு நோயாளிகள் போதும். பெயர் எழுதாதே, முகத்தைப் படம் பிடிக்காதே. வயது, வேலை, எதைச் செய்ய முடியவில்லை என்று அவர் சொன்ன சொற்கள், நீ அளந்தவை, என்ன என்று நினைத்தாய், ஏன் நினைத்தாய், என்ன செய்தாய், என்ன ஆயிற்று. நீ நினைத்தது தப்பாகப் போனால் அதை அடிக்காமல் அப்படியே விட்டுவை. சேர்க்கைக்கு எழுதும் நோக்கக் கட்டுரைக்கும், நேர்முகத்துக்கும், பின்னால் ஆய்வேட்டுத் தலைப்புக்கும் இந்த நோட்டுதான் உனக்குத் தீனி போடும்.

தலைப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. முழங்கால் தேய்மானத்துக்கு உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, வோமாக் என்று. அதில் ஒரு கேள்வி: குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது எவ்வளவு கடினம்? நான் அதை வியாசர்பாடியில் ஓர் அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். அவர் வீட்டில் குளியலறையே வாசலுக்கு வெளியே. அவருடைய உண்மையான கடினம் தண்ணீர் லாரி வந்ததும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவதும், தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுவதும். அந்தத் தாளில் அதற்குக் கட்டமே இல்லை. எந்தக் கேள்வித்தாளை எடுத்தாலும் அதற்குத் தமிழில் சரிபார்க்கப்பட்ட வடிவம் இருக்கிறதா, அதன் கேள்விகள் இங்குள்ள வாழ்க்கையைத் தொடுகின்றனவா என்று பார்க்கும் பழக்கம் உனக்கு இப்போதே வரட்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஃபிசியோக்கள் வீட்டுக்கே போகிறார்கள். அப்படிப் போகும் ஒருவரோடு ஒரு நாள் சேர்ந்து போக உனக்கு அனுமதி கிடைத்தால் விடாதே. கிளினிக்கில் கட்டிலில் படுக்கவைத்துப் பார்க்கும் உடலும், பத்துக்குப் பத்து அறையில் ஸ்டவ்வுக்கும் பீரோவுக்கும் நடுவில் திரும்ப வேண்டிய உடலும் ஒன்றல்ல.

ஆக்குபேஷனல் தெரபிக்காரர்கள் இதைத்தான் முதல் நாளிலிருந்து படிக்கிறார்கள். இந்தப் பெயரைக் கேட்டதும் "வேலை வாங்கித் தருவீர்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பாவம். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது, சமைப்பது என நாள் முழுவதும் மனிதன் செய்யும் எல்லாமே அவர்கள் கணக்கில் ‘தொழில்’. இந்தியாவில் அந்தப் படிப்பைக் கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பையில் தொடங்கினார். உன் தோழியிடம் இதைச் சொல். அவள் படித்த உளவியல் அங்கே கறிவேப்பிலை அல்ல, குழம்பே அதுதான்.

எந்தச் சிறப்புப் பிரிவு என்று கேட்டிருந்தாய். எலும்பு-மூட்டு, நரம்பியல், இதயம்-நுரையீரல், குழந்தைகள், விளையாட்டு எனப் பல உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தால் கிரிக்கெட் அணியோடு விமானத்தில் போகலாம் என்ற கனவில் சேருகிறவர்கள்தான் அதிகம். வியாசர்பாடிக் கால்பந்துப் பையன்களின் கணுக்காலை மழையில் நின்று கட்டத் தயாரா என்று உன்னையே கேட்டுப் பார். ஆம் என்றால் சேர்.

என்னிடம் கேட்டால் கையைப் பற்றி யோசி என்பேன். உன் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஸ்டான்லி இருக்கிறது. நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன அதே இடம். ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்தது. பட்டறையில் பிரஸ்ஸில் மாட்டிய விரல்கள், படகின் விஞ்சில் சிக்கிய மணிக்கட்டுகள் என்று வடசென்னையின் உழைப்பெல்லாம் அங்கே கட்டுப்போட்டுக்கொண்டு வரும். உள்ளங்கைக்கும் விரலின் நடு எலும்புக்கும் இடையில் மடக்குத் தசைநாண்கள் குறுகிய குழாய்க்குள் ஓடும் பகுதியை, அறுபட்டால் ஒட்டவைப்பதே வீண் என்று கருதி ஒரு காலத்தில் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்றார்கள். இன்று அங்கேயும் தைக்கிறார்கள். ஆனால் தையலுக்குப் பிறகு அசைக்காமல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் அசைத்தால் அறுந்துவிடும். அந்த நூலிழையில் நடத்திக்கொண்டுபோகிறவர் தெரபிஸ்ட். கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் செய்யத் தெரிய வேண்டும், காயம் எந்த நாளில் எவ்வளவு பலம் பெறும் என்று தெரிய வேண்டும். ஃபிசியோவும் ஆக்குபேஷனல் தெரபியும் கைகோக்கும் இடம் இது. வேலூரில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளில் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தியபோதும், ஒரு வேலைக்குப் பழகிய தசைக்கு வேறொரு வேலையைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி பின்னாலேயே போக வேண்டியிருந்தது.

இனி நடைமுறை. நுழைவுத் தேர்வு இடத்துக்கு இடம் வேறு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக நடத்துகின்றன. கட்டாக் அருகே ஒலட்பூரில் இருக்கும் சுவாமி விவேகானந்தர் பெயரிலான தேசிய மறுவாழ்வு நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு உண்டு. கட்டணம் குறைவு என்பதால் அதை முயன்று பார். தவிர, 2021-இல் இத்துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்த பிறகு பாடத்திட்டமும் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. என்னைப் போன்ற பழைய ஆட்களின் வாய்வார்த்தையை நம்பாமல் ஆணையத்தின் அறிவிப்பையும் கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக அறிவிப்பையும் நேரடியாகப் படி.

வெளிநாடு என்றால் மேற்படிப்பு வேறு, அங்கே தொழில் செய்யும் உரிமம் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு முதுகலை முடித்துவிட்டு உரிமம் இல்லாமல் கடையில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் நம் பி.பி.டி.யைப் பாடம் பாடமாக, மணி மணியாக எடைபோட்ட பிறகுதான் உரிமத் தேர்வு எழுத விடுவார்கள். பெரும்பாலும் குறைவாக இருப்பது பொதுக்கல்விப் பாடங்கள்தான்; அதனால் இங்கே எம்.பி.டி. படித்தால் அந்தக் குறை தானாக நிரம்பிவிடும் என்று எண்ணாதே. அதனால் கல்லூரியைவிட்டு வருவதற்குள் ஒன்று செய்: நீ படித்த ஆண்டின் முழுப் பாடத்திட்டம், ஒவ்வொரு பாடத்தின் மணிக்கணக்கு, இன்டர்ன்ஷிப்பில் எந்தப் பிரிவில் எத்தனை நாள் என்ற பட்டியல், மூன்றையும் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள். எட்டு ஆண்டு கழித்துக் கேட்டுப் போனால் அலுவலகத்தில் உன்னை யாருக்கும் தெரியாது. ஆள் மாறியிருப்பார், பதிவேடு இருக்காது. என் வகுப்பில் படித்த ஒருத்தி அந்தத் தாளுக்காக மூன்று மாதம் அலைந்தாள்.

வீட்டில் படிக்க இடமில்லை என்று எழுதியிருந்தாய். எழும்பூரில் 1896-இலிருந்து கன்னிமாரா இருக்கிறது. கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம். இரண்டில் எது உனக்குப் பஸ் வசதியோ அங்கே போ.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறாய். கலைச்சொல்லை ஆங்கிலத்தில் படி, காரணத்தைத் தமிழில் சொல்லிப் பழகு. கைத்தடிக் கணக்கை உன் அம்மாவிடம் தமிழில் விளக்கு. அவர் "அப்படியானால் ஆயா ஏன் வலிக்கும் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள்?" என்று திருப்பிக் கேட்டால் நீ சரியாக விளக்கியிருக்கிறாய் என்று பொருள். அதற்குப் பதில் சொல்ல மறுபடி புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கும். திற. இந்த வாரம் இடுப்பு மூட்டு.